சன்னாசி கொடுத்த நோட்டீஸ்

ஈப்போ,
9 ஜனவரி 1927

பாலத்தடி ரப்பர் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி ஆம்புரோஸ் ஐயா அவர்கள் சமூகத்துக்கு வீரம்மா கும்பிட்டு எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். ஐயாவும் கெர்ட்ரூட் அம்மாவும் பிள்ளை ஐவியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

எந்த வீரம்மா என்று ஐயா யோசிப்பீர்கள். பத்தாம் நம்பர் லயத்து வீட்டில் குடியிருந்த பால்வெட்டுக்காரர் சன்னாசியின் பெண்சாதி. 1920-ஆம் வருஷம் ஓடிப்போன கூலி என்று பிடித்துக்கொண்டு போனார்களே, பதினாலு நாள் மறியலில் அடைக்க வேண்டும் என்று தீர்ப்பாகிப் பதினோராம் நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாரே, அந்தச் சன்னாசிதான். இப்போது நான் ஈப்போவில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றில் சமையல் செய்கிறேன். பிள்ளைகள் சத்தம் போட்டுப் பாடம் படிக்கும்போது முறத்தில் இருக்கும் அரிசியைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினேன். இது என் கையெழுத்துத்தான். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன சந்தேகம். இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் நோட்டீஸ் என்கிறார்கள். நாடகக்காரன் மாட்டு வண்டியில் தம்பட்டம் அடித்துக்கொண்டு போய்க் கை நிறைய வீசுகிற வண்ணக் காகிதமும் நோட்டீஸ். சாக்கடையைக் கழுவாத வீட்டுக்கதவில் ஒட்டுகிறதும் நோட்டீஸ். போன வாரம் எங்கள் தையல் டீச்சர் ஏப்ரல் மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்தார்களாம். எதிர்வீட்டுக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததும் அந்த அம்மா மூன்று நாள் சோறு தின்னவில்லை. ஒரே சொல் எப்படி ஐயா நாடகத்துக்கும் ஆகிறது, சாக்கடைக்கும் ஆகிறது? பிள்ளைகளைக் கேட்டால், "என்ன ஆயா, இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்கிறார்கள். டீச்சரம்மாவைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. தோட்டத்திலேயே இங்கிலீசு முழுவதும் தெரிந்தவர் ஐயாதான். நேரம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அடியாள் வீரம்மா


சேசு மரி சூசை
பாலத்தடித் தோட்டம், பீடோர்,
23 ஜனவரி 1927

வீரம்மாவுக்கு ஆம்புரோஸ் ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்து ஆச்சரியப்பட்டுப் போனேன். பத்தாம் நம்பர் லயத்திலிருந்து ஒரு பெண் எழுத்துப் படித்துக் கடிதம் எழுதுகிறாள் என்று கெர்ட்ரூட்டிடம் காட்டினேன். "சன்னாசி பெண்டாட்டியா? அது எப்பவும் வாய்க்காரி ஆச்சே" என்றாள். நல்ல விதமாகத்தான் சொன்னாள்.

நீ கேட்டது சின்னச் சந்தேகம் இல்லை. இங்கிலீசு என்பது நம் பாஷை மாதிரி ஒரு பாத்திரத்துக்கு ஒரு மூடி வைக்கிற பாஷை இல்லை. நோட்டீஸ் என்றால் முதலில் கண்ணில் படுவது, கவனிப்பது. பழைய துரையின் மதாம் ஒரு தடவை புதுத் தொப்பி போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். துரை கணக்குப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. "யூ நெவர் நோட்டீஸ்" என்று அவள் கத்தியது ஆலைவரைக்கும் கேட்டது. அது ஒன்று. எல்லார் கண்ணிலும் படட்டும் என்று சுவரில் ஒட்டுவதும் அதனால்தான் நோட்டீஸ். ஒருவன் பேச்சைச் சட்டை செய்யாமல் இருந்தால் "நோ நோட்டீஸ்" எடுத்தான் என்பார்கள். போதிய நாள் வைக்காமல் திடீரென்று சொன்னால் "ஷார்ட் நோட்டீஸ்". வேலையை விடப்போகிறவன் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி வைப்பதும், எஜமான் ஆளை நிறுத்தப்போவதை முன்னதாகச் சொல்வதும் நோட்டீஸ். பத்திரிகையில் செத்தவர் பேரைப் போடுகிறார்களே, அதுவும் நோட்டீஸ்தான். இன்னும் பத்து எழுதலாம், காகிதம் போதாது.

நீ ஈப்போவில் இருப்பது ஒரு விதத்தில் எனக்கு உதவி. ஐவிக்கு வயது பதினெட்டு. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பார்க்கும் யேசுதாசன் என்ற பையனைப் பேசியிருக்கிறோம். பசாருக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வீடு. தாயார் மட்டும் இருக்கிறாள். குடியா, கடனா, குணம் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து உண்மையை எழுது. எனக்கு ஒரே பெண் என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ச. ஆம்புரோஸ், பெரிய கிராணி


ஈப்போ,
20 பிப்ரவரி 1927

கிராணி ஐயா சமூகத்துக்கு வீரம்மா கும்பிட்டு எழுதியது. உங்கள் விளக்கத்தை நாலு தடவை படித்தேன். இனிமேல் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி: மீன் வாங்கப் போகிற சாக்கில் அந்தச் சந்துக்கு மூன்று தடவை போனேன். பையன் தங்கம். கள்ளுக்கடை இருக்கும் திசைகூட அவனுக்குத் தெரியாது என்கிறார்கள். தாயாருக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்கிறவள் இல்லை. ஐவியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஐயா இவ்வளவு பிரியமாக எழுதியதால் இன்னொன்று கேட்கத் துணிகிறேன். என் கொழுந்தன் அப்பாவு இங்கே ரயில் பாதை வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவனோடு சேரத்தான் அன்று நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தோம். அவன் இன்றைக்கும் செத்துப்போன அண்ணனைத் திட்டுகிறான். "அண்ணன் ஏதோ கோளாறான கடிதாசியக் குடுத்திருக்கு. சரியான நோட்டீஸா இருந்தா கிராணி வாங்கித் தொரகிட்டக் குடுத்திருக்க மாட்டாரா?" என்கிறான். அவருக்கு அந்த நோட்டீஸை எழுதிக் கொடுத்த சதாசிவம் வாத்தியாரும் அந்த வாரமே ஊருக்குக் கப்பலேறிவிட்டார். கேட்க ஆள் இல்லை.

ஐயா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் அவர் தலையெழுத்து. அந்தத் தாளில் என்ன பிழை என்று மட்டும் உங்கள் கையால் எழுதிவிட்டால் அப்பாவு வாயும் மூடும், என் மனசும் ஆறும்.

இப்படிக்கு,
அடியாள் வீரம்மா


சே. ம. சூ.
பாலத்தடித் தோட்டம், பீடோர்,
13 மார்ச் 1927

வீரம்மாவுக்கு ஆம்புரோஸ் எழுதியது. நீ கொடுத்த நல்ல சேதியால் சம்பந்தம் முடிவாகிவிட்டது. மே மாதம் பத்தாம் தேதி கல்யாணம். உன்னை மறக்கமாட்டேன்.

இது தவக்காலம். பெண்ணுக்கு நல்லது நடக்கப்போகிற நேரத்தில் நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொண்டு கோவிலில் முழங்கால் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன். அந்தத் தாளில் ஒரு பிழையும் இல்லை. தேதி இருந்தது, அவன் கைரேகை இருந்தது. செத்தவனை இனித் திட்ட வேண்டாம் என்று அப்பாவுவிடம் சொல்.

அந்த மாதம் பன்னிரண்டு பேர் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். மரத்துக்கு ஆள் இல்லை. துரை மேசையில் அடித்து, "இன்னொரு நோட்டீஸ் இந்த மேசைக்கு வந்தால் அதோடு உன் நோட்டீஸும் வரட்டும்" என்றார். மறுநாள்தான் சன்னாசி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் தாளை வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். நான் வெற்றிலையை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டு, "சரி, போ" என்றேன். தாளைக் கோட்டுப் பையில் வைத்தேன். அதற்கப்புறம் அது துரையிடம் போகவில்லை. ஒரு மாதத்தில் அவன் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். முப்பது நாள் ஒழுங்காகப் பால் வெட்டிவிட்டு முப்பத்தோராம் நாள் மூட்டை கட்டுவான் என்று நான் கண்டேனா?

கோர்ட்டில் துரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டீஸ் வரவில்லை என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? வெற்றிலை வாங்கியது மரியாதைக்கு. வெற்றிலையை எடுத்தால் சம்மதித்ததாக ஆகும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவன் அப்படி நினைத்துக்கொண்டது அவன் அறியாமை.

இப்போது வந்திருக்கும் புதுத் துரை வேறு மாதிரி. கூலிகளை ஏமாற்றினான் என்று காதில் விழுந்தால் ஆள் யார் என்று பார்ப்பதில்லை. போன மாதம் கூலிகளை வேலை வாங்கும் ஒரு மண்டோரை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து அனுப்பிவிட்டார். ஆகையால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இப்படிக்கு,
ச. ஆம்புரோஸ்


ஈப்போ,
27 மார்ச் 1927

ஆம்புரோஸ் கிராணிக்கு வீரம்மா எழுதியது.

கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னீர்கள். நான் சமையல்காரி. எதை அடுப்பில் போட வேண்டும், எதை உறியில் கட்டி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நோட்டீஸ் என்றால் என்ன என்று எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஈப்போ ஸ்டேஷன் சுவரில்தான் முதலில் பார்த்தேன். தாப்பாவிலும் பீடோரிலும் அதே தாள் ஒட்டியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு எழுத்துத் தெரியாது. பாதையில் வேலை செய்தவர்கள் கூடி நின்று படித்தார்கள். "சன்னாசி, வயது முப்பது, இடது கன்னத்தில் தழும்பு, தோட்டத்தை விட்டு ஓடியவன்." கேட்டுவிட்டு என் புருஷன் சிரித்தார். "வேற எவனோ சன்னாசி, புள்ள. நான்தான் வெத்தல குடுத்துட்டு வந்தேனே" என்றார். அவர் கன்னத்துத் தழும்பை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கோர்ட்டில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நோட்டீஸ் கொடுத்தாயா என்று கேட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "வெத்தல குடுத்தேன் சாமி. கிராணி ஐயா எடுத்துக்கிட்டாரு" என்றார். துவிபாஷி அதை இங்கிலீசில் சொன்னதும் உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் பல்லில் அன்றைக்கும் வெற்றிலைக் காவி இருந்தது. அதைப் பார்த்த அன்றுதான் எழுத்துப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அரிசியில் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் உங்களுக்காக எழுதியதுதான்.

எனக்கு எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் வேண்டியிருக்கவில்லை. உங்கள் கையால் எழுதிய காகிதம்தான் வேண்டியிருந்தது. இங்கிலீசு தெரிந்தவர் என்று இரண்டு வார்த்தை சொன்னதும் நீங்கள் பாடம் நடத்த உட்கார்ந்துவிட்டீர்கள். அப்பாவு அண்ணனைத் திட்டினான் என்றதும் பொய். இன்றைக்கும் அண்ணன் சட்டையைத்தான் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறான்.

இனி நான் கேட்பதைக் கேளுங்கள். தோட்டத்துப் புத்தகத்தில் சன்னாசி இன்னும் ஓடிப்போனவராகவே இருக்கிறார். அந்தப் பெயர் மாற வேண்டும். ஒரு நாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லாரும் நிற்கிற நேரத்தில், அவர் முறையாக நோட்டீஸ் கொடுத்தார், நான் மறைத்தேன் என்று உங்கள் வாயால் துரை காதில் விழச் சொல்லுங்கள். சொன்னால் இந்தக் கடிதத்தை உங்களிடமே தந்துவிடுகிறேன். வேறு ஒன்றும் வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன்.

சன்னாசி பெண்சாதி
வீரம்மா


சே. ம. சூ.
பாலத்தடித் தோட்டம், பீடோர்,
6 ஏப்ரல் 1927

மரியாதைக்குரிய வீரம்மா அம்மாளுக்கு ஆம்புரோஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கெர்ட்ரூட் கேட்டால் பல்வலி என்கிறேன்.

நீங்கள் கேட்கிறபடி பெரட்டில் சொன்னால் அன்றைக்கே என் பெட்டி சடக்குக்கு, நடுத்தெருவுக்கு, வந்துவிடும். இருபத்திரண்டு வருஷ வேலை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போனால் கல்யாணம் என்ன ஆகும்? நான் செய்ததற்கு ஐவி என்ன செய்வாள்? சின்ன வயதில் அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தவர் நீங்கள்.

நான் தப்பு செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் முத்தம்மா கையில் வெற்றிலை பாக்குத் தட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நானே வந்து நிற்க வேண்டும், ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தயவுசெய்து தட்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வெற்றிலையை எடுத்துக்கொண்டால் இந்தப் பேச்சு இதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருப்பேன்.

உங்கள் சகோதரனைப் போன்ற,
ஆம்புரோஸ்


சே. ம. சூ.
பாலத்தடித் தோட்டம், பீடோர்,
15 மே 1927

அன்புள்ள வீரம்மா அம்மாளுக்கு ஆம்புரோஸ் எழுதியது. கர்த்தர் கிருபையால் ஐவியின் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. புதுத் துரையே கோவிலுக்கு வந்து மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். நீங்கள் வரவில்லையே என்று ஐவி இரண்டு தடவை கேட்டாள். நேற்று ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

தட்டைக் கொண்டுவந்த அன்று என்ன நடந்தது என்று முத்தம்மாவை அப்போதே கேட்டேன். "வீரம்மா வெத்தலைய எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில போட்டுக்கிச்சு. எனக்கும் ஒண்ணு மடிச்சுக் குடுத்துச்சு" என்றாள். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஈஸ்டரும் போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் பெரிய மனசுக்காரி. ஒருவர் கை வெற்றிலையை எடுத்துக்கொண்ட பிறகு சொல் மாறமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பலகாரம் கொஞ்சம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஐவி அந்த ஊருக்குப் புதிது, ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்பும் நன்றியும் உள்ள
ஆம்புரோஸ்


ஈப்போ,
29 மே 1927

ஆம்புரோஸ் கிராணிக்கு வீரம்மா எழுதியது.

பலகாரம் வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஐவியை வெள்ளிக்கிழமை பசாரில் பார்த்தேன். முகத்தில் களை வந்திருக்கிறது. மாமியார் அவளுக்காக மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். என் கண் அவள் மேல் இருக்கும். பத்தாம் தேதிவரைக்கும் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அவளுக்காகத்தான், உங்களுக்காக இல்லை.

ஈஸ்டர் வரைக்கும் பார்த்தேன். பெரட்டில் பேர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள், ஆனால் சன்னாசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தையல் டீச்சர் ஊருக்குப் போகும் முன் எனக்காக ஒரு வேலை செய்துகொடுத்தார்கள். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை வரிக்கு வரி இங்கிலீசில் எழுதினார்கள். எழுதும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதைப் போன திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் புதுத் துரைக்கு அனுப்பினேன். நேற்று அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலைப் பெரட்டுக்கு உங்கள் கையெழுத்துக் கடிதத்தோடு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமையே அப்பாவுவும் நானும் பீடோருக்கு வந்துவிடுவோம்.

அப்பாவு அச்சாபீசில் தாள் அடித்து வாங்கி வைத்திருக்கிறான். முன்பு ஒட்டிய அதே அளவுத் தாள். ஈப்போவிலும் தாப்பாவிலும் பீடோரிலும் முன்பு எங்கெங்கே ஒட்டினார்களோ அங்கங்கே ஒட்டப்போகிறான். அதில் இருப்பது இதுதான்:

"பாலத்தடித் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் சன்னாசி, இடது கன்னத்தில் தழும்பு உள்ளவர், தோட்டத்தை விட்டு ஓடியவர் அல்ல. ஒரு மாதம் முன்னதாக முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, முப்பது நாளும் வேலை செய்துவிட்டுப் போனவர். அவர் தாளை வாங்கி மறைத்தவர் தோட்டத்துப் பெரிய கிராணி ஆம்புரோஸ். இதற்கு அவர் கையெழுத்தே சாட்சி. இப்படிக்கு, மனைவி வீரம்மா, தம்பி அப்பாவு."

உங்கள் தட்டை அன்றைக்கே கழுவித் துடைத்து முத்தம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். வெற்றிலை நல்ல கொழுந்து வெற்றிலை. தாலி அறுத்தவளுக்கு யார் தாம்பூலம் வைத்துக் கொடுக்கிறார்கள்? ஆறு வருஷத்தில் எனக்குத் தட்டு வைத்தவர் நீங்கள் ஒருவர்தான். மரியாதைக்கு எடுத்துக்கொண்டேன். வெற்றிலையை எடுத்தால் சம்மதித்ததாக ஆகும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள். அதுவும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. துரை அதையும் படித்திருப்பார்.

வியாழக்கிழமை உங்களைக் கூப்பிட்டு, இந்தப் பொம்பிளையோடு ஏன் முன்னமே பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை என்று துரை கேட்டாலும் கேட்பார். அப்போது கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள், "வெத்தல குடுத்தேன் துரை, வீரம்மா எடுத்துக்கிச்சு" என்று. சொல்லிவிட்டு, அங்கே நிற்கிறவர்களில் யார் யார் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

சன்னாசி பெண்சாதி
வீரம்மா